டாஃபி சாப்பிட்டாளா

ஓட்லி, யார்க்‌ஷர்
ஏப்ரல் 6

ஹேசலுக்கு,

உன் தோழி, ஜோடி என்கிறவள், போன மாதம் வந்து கூண்டை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். "அங்கிள், ஹேசலுக்கு தீவுல வேலை கெடச்சிருக்கு. அங்க ஃபெரெட்டைக் கூட்டிட்டுப் போகவே கூடாதாம். எனக்கு இப்ப ஆறு மாசம், குனிஞ்சு நிமிர முடியல. ஒங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கமாச்சே" என்றாள். மூன்று வருடமாக அப்பனுக்கு ஒரு வரி எழுதாத மகள் தன் பிராணியையாவது அனுப்பினாளே என்று வாங்கி உள்ளே வைத்தேன்.

இந்த முகவரியை ஜோடியிடம்தான் கேட்டு வாங்கினேன். உங்கள் தீவில் ஃபோன் எடுக்காது, படகு வந்தால்தான் தபால் என்றாள். எழுதாமல் இருந்திருப்பேன். ஆனால் எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த நாளெல்லாம் கொல்லையில் ஆறு ஃபெரெட் வைத்திருந்தவன் என்பது உனக்குத் தெரியும். என்னுடையவை கீரி மாதிரி நீண்ட உடம்பை நெளித்து, முயல் வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டும். உன் டாஃபி என் காலுறைக்குள் புகுந்து தூங்குகிறாள். போகட்டும். போன வாரம் காலையில் பார்த்தால் எழுந்திருக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிகிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் சுவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபடுகிறது.

எங்கள் வீட்டில் ஃபெரெட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன கொடுப்போமோ அதைத்தான் கொடுத்தேன். வெதுவெதுப்பான பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை. நக்கிக் குடித்துவிட்டு எழுந்து ஓடினாள். இதற்கு எதற்கு டாக்டர் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வலிப்பு வந்துவிட்டது.

கால்நடை டாக்டர் லம்லி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். கணையத்தில் கட்டியாம். இன்சுலினோமா என்று பேர். அந்தக் கட்டி இன்சுலினை ஊற்றிக்கொண்டே இருக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை தரை தட்டிவிடுகிறது. "அப்ப இனிப்பு குடுத்தது சரிதானேம்மா?" என்று கேட்டேன். "மிஸ்டர் சக்டன், இனிப்பு உள்ள போனா அந்தக் கட்டிக்குக் குஷி. ரெண்டு மடங்கு ஊத்தும். ஏறுன சர்க்கரை முன்னைவிட கீழ எறங்கிடும். பால்ல ரொட்டியெல்லாம் எந்தக் காலத்து வைத்தியம்?" என்றாள். 

அறுவை சிகிச்சை இந்த வயதுக்கு வேண்டாம் என்கிறாள். இரண்டு வேளை ஸ்டீராய்டு மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை இறைச்சி, தானியம் கலந்த எதுவும் கூடாது. இங்கேதான் சிக்கல். நேற்று புது முயல் கறி வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, மேலே தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினாள். இவளுக்கு இத்தனை நாள் என்னதான் போட்டாய்?

அப்பா


தீவு
ஏப்ரல் 17

அப்பா,

பாலும் ரொட்டியும் சர்க்கரையும். படித்துவிட்டுப் பறவை எண்ணும் குடிசைக்குள் போய் உட்கார்ந்து கத்தினேன். காற்று அதிகம், யாருக்கும் கேட்கவில்லை.

லீட்ஸில் படிக்கும்போது கடையில் வாங்கினேன், கைக்குள் அடங்குகிற குட்டி. அன்றிலிருந்து பச்சைப் பையில் வருகிற பிஸ்கட்தான். ஃபெரெட் குட்டியில் எதைத் தின்று பழகுகிறதோ அதை மட்டும்தான் சாப்பாடு என்று நினைக்கும். டாஃபிக்கு முயல் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த பிஸ்கட்டில் பாதி பட்டாணியும் மக்காச்சோளமும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். தப்பு என்னுடையதுதான் என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடப்பாள், அது இன்னும் ஆபத்து. பிஸ்கட்டைப் பொடி பண்ணுங்கள். கறியை நன்றாக அரைத்து, வெதுவெதுப்பாக்கி, அதன்மேல் பொடியைத் தூவுங்கள். கொஞ்சம் விரலில் எடுத்து உதட்டில் தடவுங்கள். நக்குவாள். நாலைந்து நாளுக்கு ஒரு முறை பொடியைக் குறையுங்கள். பழம், பால், கேக், நீங்கள் டீயில் தொட்டுத் தின்கிற எதுவும் கூடாது.

நான் வர முடியாது. வளைக்குள் முட்டையிடும் பஃபின் பறவைகள் இப்போதுதான் கரையேறியிருக்கின்றன, ஆறாயிரம் வளைகளை நாலு பேர் எண்ண வேண்டும். டாஃபியை இங்கே கொண்டுவருவதும் நடக்காது. பறவை முட்டையைத் தின்னும் எதுவும் நுழையக் கூடாது என்று, நாங்கள் இறங்கும்போதே பையைக் கொட்டி, ஒரு எலி முடியாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என் கோட்டில் டாஃபியின் ரோமம் ஒட்டியிருந்தது என்று கோட்டையே கரைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதையும் மறைக்காதீர்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் ஃபோனில் "நல்லாத்தான் இருக்கா, சாப்பிட்டா, நீ பரீட்சையைப் பாரு" என்றீர்கள். நான் பரீட்சையைப் பார்த்தேன். அம்மாவைப் பார்க்கவில்லை. டாஃபி சாகப் போகிறாள் என்றால் சாகப் போகிறாள் என்று எழுதுங்கள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் நான் உங்களுக்கு எழுதவே மாட்டேன்.

ஹேசல்


ஓட்லி
மே 1

ஹேசலுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. டாஃபி விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

பொடி தூவிப் பார்த்தேன். பொடியை மட்டும் நக்கிவிட்டுக் கறியை அப்படியே வைத்தாள். டிப்போவில் ஒரு ஸ்பானரைக்கூட அவ்வளவு சுத்தமாக யாரும் துடைத்ததில்லை. உதட்டில் தடவினேன், என் சட்டையில் துடைத்துக்கொண்டாள். என் பழைய சிநேகிதர் சிரிலின் பண்ணையிலிருந்து முயல் வருகிறது, சிரிலும் கூடவே வருகிறார், இதைப் பார்ப்பதற்கென்றே. சனிக்கிழமை ஃபெரெட் சங்கத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "நம்ம நார்மன் வீட்டு ஃபெரெட்டு முயலைப் பாத்து 'யாருங்க நீங்க'ன்னு கேக்குதாம்!" மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். முப்பது வருடம் அந்தச் சங்கத்தில் கோப்பை வாங்கியவன் நான்.

எப்படிச் சாப்பிட வைத்தேன் என்று கேள். ஒரு நாள் அலுத்துப்போய், கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, என் தட்டோடு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் மெல்ல ஆரம்பித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் தன் கிண்ணத்துக்குப் போய் ஒரு வாய் எடுத்தாள். நான் நிறுத்தினேன், அவளும் நிறுத்தினாள். நான் மறுபடி மென்றேன், அவளும். இப்படியே கிண்ணம் காலி. யாராவது பக்கத்தில் சாப்பிட்டால்தான் மகாராணி சாப்பிடுகிறாள்.

ஆக, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நானும் தரையில் உட்கார்ந்து எதையாவது மெல்கிறேன். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. மேசைக்காலைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, கடவுளைக் கூப்பிட்டு எழுகிறேன். வாங்கும் மளிகை இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

கவலைப்படாதே. மயங்கி விழுந்தால் ஈறில் தேன் தடவ வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். விழுந்த பின் ஓடுவானேன் என்று நான் தூங்கப்போகும் முன்பே ஒரு சொட்டுத் தடவிவிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறாள்.

அப்பா


தீவு
மே 12

அப்பா,

தேனை நிறுத்துங்கள்! தேன் விழுந்தால் மட்டும்தான். அதுவும் பஞ்சுக் குச்சியில் எடுத்து ஈறில் தடவி, கண் தெளிந்ததும் உடனே கறி கொடுக்க வேண்டும். தினமும் தூங்கும் முன் தேன் கொடுத்தால், நீங்கள் குறட்டை விடும் நேரத்தில் சர்க்கரை இறங்கும். நன்றாகத் தூங்கவில்லை அவள். எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள்.

திட்டிவிட்டேன். இப்போது வேறு எழுதுகிறேன்.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை மூன்று தடவை படித்தேன். இங்கே கூட வேலை செய்பவர்களுக்கும் படித்துக் காட்டினேன். ஸ்டீனா என்று ஒரு நார்வேக்காரி, "ஒங்க அப்பா ரொம்ப வேடிக்கையானவரா?" என்று கேட்டாள்.  அம்மா இருந்தவரை வேடிக்கையானவர்தான் என்றேன்.

இங்கே நாலு பேர் இருந்தாலும் ஆளுக்கொரு பாறைமுனை. காலையில் பிரிந்தால் இருட்டின பிறகுதான் முகம் பார்க்கிறோம். பேசுவதற்கு எனக்கு வாய்த்தது பஃபின்தான். வளைக்குள் கையை விட்டால் விரலைக் கடிக்கிறது. பழைய முயல் வளைகளில்தான் குடியிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தால் ஒரு ஃபெரெட்டோடு வந்து நிற்பீர்கள்.

ஹேசல்


ஓட்லி
ஜூன் 9

ஹேசலுக்கு,

உங்கள் படகு எந்த லட்சணத்தில் ஓடுகிறது? நீ மே மாதம் எழுதியது முந்தாநாள்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. ஒரு விடியற்காலை டாஃபி விறைத்துப்போய்க் கிடந்தாள். ஈறில் தேன் தடவி, அப்படியே கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் லம்லி நீ எழுதியதையேதான் சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. "நீங்க நல்லது செய்யறதா நெனச்சு செய்யற ஒவ்வொண்ணும் இவளைக் கொல்லுது" என்றாள். வீட்டுக்கு வந்து தேன் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு சிறு குப்பியை மட்டும் மருந்தோடு வைத்துக்கொண்டேன்.

இது மூன்று வாரத்துக்கு முந்தின கதை. இன்றைக்குக் கதை வேறு. பொடி கிடையாது, பிஸ்கட் கிடையாது. முயல், கோழி ஈரல், கோழி இதயம், வாரத்தில் ஒரு நாள் முட்டை மஞ்சள்கரு. எல்லாம் தின்கிறாள். பின்னங்கால் நன்றாக ஊன்றுகிறது. நேற்று என் இடது காலுறை, டி.வி. ரிமோட், தபால்காரர் பேனா மூன்றையும் சோபாவுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். பிடிபட்டதும் பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஒரு ஆட்டம் போட்டாளே, அதைப் பார்க்க நீ இல்லை.

சிரில் வந்து பார்த்தார். "ஃபெரெட்டு எளச்சிருக்கு, நீதான் கொழுத்திருக்க" என்றார். பொறாமை, வேறென்ன.

நான் அவளிடம் பேசுகிறேன். வெளியே சொல்லாதே.

அப்பா


தீவு
ஜூன் 24

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பாறைமேல் நின்று சத்தமாகப் படித்தேன். டாஃபி ஆடினாள் என்ற இடத்தில் நானும் ஆடினேன். கீழே கடல்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது.

ஒரு செய்தி. குளிர்காலத்துக்கும் இங்கேயே இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். அக்டோபரிலிருந்து கடல்நாய்க் குட்டிகளை எண்ண வேண்டும். இரண்டே பேர்தான் தங்குவார்கள், அடுத்த வருடமும் வேலை நிச்சயம். செப்டம்பர் நடுவில் பதில் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்த நாளிலிருந்து இது கிடைக்காதா என்று அலைந்திருக்கிறேன்.

டாஃபி இவ்வளவு நன்றாக இருந்தால் நான் தங்கிவிடலாம். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சாகும்போது நான் பக்கத்தில் இல்லாமல் இன்னொரு உயிர் போக விடமாட்டேன். அதனால் முடிவு உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

ஹேசல்


ஓட்லி
ஜூலை 8

ஹேசலுக்கு,

டாஃபி நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், திருடுகிறாள். டாக்டரும் அதையே சொன்னாள். கட்டி போகாது, ஆனால் இப்படியே ஓட்டலாம் என்றாள். உள்ளது இதுதான். எனவே நீ தங்கலாம்.

மாடியில் உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்தேன். பாதியில் நிற்கிறது. அவசரமில்லை என்பதால் மெதுவாக முடிக்கிறேன்.

சிரிலிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒன்னைவிட முட்டாள் உண்டாய்யா? நீ நல்லாப் பாத்துக்கப் பாத்துக்க, ஒம் பொண்ணு தூரமாப் போயிட்டே இருக்கா" என்றார். அவருக்கு எல்லாமே கேலிதான்.

இங்கே மழை. வேறு விசேஷமில்லை.

அப்பா


தீவு
ஆகஸ்ட் 14

அப்பா,

உங்கள் ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு மூன்று படகு வந்தது, ஒன்றிலும் உங்கள் கடிதம் இல்லை. முதல் படகில் இல்லாதபோது தபால்துறையைத் திட்டினேன். இரண்டாவதில் உங்களைத் திட்டினேன். மூன்றாவதில் யாரையும் திட்டவில்லை.

பஃபின்கள் போய்விட்டன. ஒரே வாரத்தில் எல்லாம் காலி. நேற்று நடந்தபோது எல்லா வளையும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இத்தனை நாள் எண்ணினது ஒன்றுகூட இல்லை. ஸ்டீனாவும் ஊருக்குப் போகிறாள். குளிர்காலத்துக்கு என்னோடு தங்கப்போகிறவர் பேசவே மாட்டார் என்கிறார்கள்.

நல்லபடியாக இருந்தால் நல்லபடியாக இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அம்மா இருந்தபோதும் கடைசி வாரம் இப்படித்தான், ஃபோன் வருவது குறைந்தது. அவசரமென்றால் கரை அலுவலகத்துக்குச் சொன்னால் வயர்லெஸ்ஸில் சொல்வார்கள் என்று ஜோடி உங்களிடம் சொல்லியிருப்பாள். எல்லார் காதிலும் விழும், அதனால் என்ன.

டாஃபி சாப்பிட்டாளா?

ஹேசல்


ஓட்லி
ஆகஸ்ட் 27

ஹேசலுக்கு,

சாப்பிடவில்லை.

இதற்கு முன் உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் டாஃபி ஓடுகிறாள், திருடுகிறாள் என்று எழுதியிருந்தேன். உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்பில் போட்டேன். வயர்லெஸ்ஸில் யாரோ முன்பின் தெரியாதவன் இதை உனக்கு வாசிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நாள் ஓடிவிட்டது.

ஜூலை கடைசியில் பின்னங்கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. மருந்தைக் கூட்டினார்கள். ஒரு வாரம் சரியானது, மறுபடி கூட்டினார்கள். இனிமேல் கூட்ட இடமில்லை. இன்னொரு மருந்து சேர்த்துப் பார்த்தார்கள், அதைக் கொடுத்தால் வாந்தி. கிண்ணத்துக்கு இப்போதெல்லாம் போவதில்லை. கறியைக் கூழாக்கி, விரலில் எடுத்து, வாயருகே பிடித்தால் நக்குகிறாள். நான் எவ்வளவு மென்றாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பெரும்பாலும் தூங்குகிறாள், எழுப்பினால் நான் யாரென்று ஞாபகம் வர நேரமாகிறது.

டாக்டர் லம்லி, "சில வாரம்தான் மிஸ்டர் சக்டன். கஷ்டப்படறதுக்கு முன்னாடி நாமளே முடிவு எடுக்கலாம். ஒங்க மககிட்ட பேசிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

சிரில் என்ன சொன்னார் தெரியுமா? "எதுக்குய்யா பொண்ணைக் கலவரப்படுத்தற? நல்ல வேலை, வாழ்க்கையில ஒரு தடவ வர்றது. ஃபெரெட்டு போனப்பறம் சொல்லிக்கலாம்." மூன்று வருடம் முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதுதான். அப்போது பரீட்சை பெரிதாகத் தெரிந்தது. நீ அழுதுகொண்டே எழுதக் கூடாது என்று நினைத்தேன். அதைத் தாண்டி எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

இந்தத் தடவை சொல்கிறேன். டாஃபி சாகப் போகிறாள். பதில் சொல்ல உனக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதால் இப்போதே சொல்கிறேன். வருவதும் வராததும் உன் கையில். நான் ஒருவன் இங்கே இருக்கிறேன் என்பதை இதில் சேர்க்காதே. எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது.

அப்பா


தீவு
செப்டம்பர் 5

அப்பா,

உங்கள் கடிதம் காலைப் படகில் வந்தது. சாமான் இறக்கியதும் படகு திரும்பிவிடும். நான் குடிசைக்கு ஓடி, கையில் கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு துறைக்கு வந்து நின்றேன். படகோட்டி கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கேட்டார்: "ஏறுறியாம்மா, இல்லையா? அலை ஏறுது, நான் கெளம்பணும்."

நான் ஏறவில்லை.

ஏன் என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெரியவில்லை. அங்கேயே பையின் மேல் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். முதல் வரியில் "சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். டாஃபிக்காக மட்டும் இல்லை. இத்தனை வருடமும் அம்மா பக்கத்தில் இருக்க முடியவில்லை என்றுதான் உங்கள்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. என்னிடம் சொல்லவில்லை என்பதுதான். சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனோ, பயந்து வராமலே இருந்திருப்பேனோ, தெரியாது. அந்த முடிவு என்னுடையதாக இருந்திருக்கும். இப்போது நீங்கள் சொன்னீர்கள். முடிவு என்னுடையது. இங்கே இருக்கிறேன் என்று அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. வந்தால் டாஃபிக்காகத்தான் வருவேன். அவள் போனதும் நானும் கிளம்பிவிடுவேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் அந்த வாசலைத் தாண்டிப் போவதை நீங்கள் பார்க்க வேண்டாம்.

எனக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். உங்கள் விரலில் இருந்து நக்குவதை எப்போது நிறுத்துகிறாளோ, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மேசையில் தனியாகப் படுக்க வைக்க விடாதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் கட்டை விரலால் மெதுவாகத் தேய்த்தால் அவளுக்குப் பிடிக்கும். உங்களுக்கு இது இப்போது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஏப்ரலில் இருந்து எழுதிய எல்லாவற்றிலும் டாஃபியின் கால் எப்படி, பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டேன். நீங்கள் எப்படி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உங்களைச் சேர்க்காதே என்று எழுதிய இடத்தில்தான் அது எனக்கு உறைத்தது.

அப்பா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

ஹேசல்


ஓட்லி
செப்டம்பர் 20

ஹேசலுக்கு,

டாஃபி வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

வியாழன் வரைக்கும் நக்கினாள். வெள்ளிக்கிழமை காலை விரலை வாயருகே கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழி ஈரலை மாற்றிப் பார்த்தேன். அதற்கும் திருப்பிக்கொண்டாள். சற்று நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், இன்னொரு தடவை முயன்றால் என்ன என்று. நீ எழுதியது நினைவுக்கு வந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

மேசையில் விடவில்லை, என் மடியில்தான். சிரில் காரில் கூட்டிப் போனார், வழியெல்லாம் ஒரு கேலிகூடச் செய்யவில்லை. காதுக்குப் பின்னால் தேய்த்தேன். "இப்ப ஒண்ணும் தெரியாது மிஸ்டர் சக்டன், தூங்கறா" என்று டாக்டர் சொன்ன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன். பயப்படவில்லை அவள், அதை நிச்சயமாகச் சொல்வேன். கொல்லையில் ஆப்பிள் மரத்தடியில் வைத்திருக்கிறேன். சிரில்தான் குழி தோண்டினார், எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் போகும்போது, "ஆறு ஃபெரெட்டு வளத்தவன்யா நீ, இந்த ஒண்ணுக்கு இவ்வளவா" என்றார். அவர் கண்ணும் நல்ல நிலைமையில் இல்லை.

நீ வராதது சரி. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன், அது பொய், அதனால் அடித்துவிட்டேன். வருத்தம் இருக்கிறது. ஆனாலும் சரிதான். இவ்வளவு அலைந்து தேடிய வேலை, அதைச் செய்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் கடையில், தெருவில், சங்கத்தில் இருக்கிறார்கள். "நல்லா இருக்கேன், நீங்க?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உனக்கும் அதையே எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். தபால்தலைகூடத் தயாராக இருக்கிறது.

நான் நன்றாக இல்லை, ஹேசல். உன் அம்மா போன நாளிலிருந்தே இல்லை. காலையில் எழுந்தால் வீட்டில் என் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை தபால்காரர் குரல் கொடுத்தபோது பதில் சொல்ல எனக்குக் குரலே எழவில்லை. டாஃபி இருந்தவரை அவளைக் கவனிக்கிற வேலை இருந்தது, இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

நீ வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

அப்பா